அகழியில் தெரியும் வானம்: எச்டிஆர் எப்போது அளவு மீறுகிறது?

வேலூர்க் கோட்டையைப் படமெடுத்துக் காட்டினால், பார்க்கிற நாலு பேரில் ஒருவராவது "எச்டிஆர் ஓவரா இருக்கே" என்பார். எச்டிஆர் என்றால் ஹை டைனமிக் ரேஞ்ச், வெயிலிலும் நிழலிலும் ஒருசேர விவரம் தெரியும்படி படம் செய்யும் வழி. பல நேரம் அவர் சொல்வது சரிதான். வானம் கருநீலமாக இருக்கும். மதிலின் ஒவ்வொரு கல் இடுக்கும் தனித்தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். புல் கண்ணைப் பறிக்கும் பச்சையில் இருக்கும். மே மாதத்து வேலூரில் அப்படி ஒரு பச்சையை நான் பார்த்ததில்லை. ஆனால் மழை பெய்து ஓய்ந்த ஒரு சாயங்காலத்தில், எந்த வேலையும் செய்யாமல் எடுத்த படத்துக்கும் இதே பட்டம் கிடைக்கிறது. இன்னொரு பக்கம், முகம் இருட்டாக விழுந்த படத்தைக் காட்டினால் "எச்டிஆர் போட்டு எடுத்திருக்கலாமே" என்று அறிவுரை வரும். குற்றமும் எச்டிஆர், பரிகாரமும் எச்டிஆர் என்றால் புதிதாகக் கேமரா பிடிப்பவர் எதை நம்புவார்?

எல்லாம் அவரவர் ரசனை என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் ரசனை வருவதற்கு முன்பே கண்ணால் சோதித்துப் பார்க்கக்கூடிய ஒன்று இருக்கிறது. ஒரு காட்சியில் எது எதைவிட வெளிச்சமாக இருந்தது என்கிற வரிசைதான் அது. அந்த வரிசை குலைகிற இடத்தில்தான் எச்டிஆர் அளவு மீறுகிறது என்பது என் கட்சி. ஏன் என்று புரிய, முதலில் கேமராவுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

கெட்டிமேளம் கேட்க வேண்டாமா?

ஒரு கல்யாணத்தில் மணவறைக்குப் பக்கத்தில் போனை வைத்து ஒலிப்பதிவு செய்கிறீர்கள். ஐயர் மந்திரம் சொல்வது மெல்லக் கேட்கிறது. திடீரென்று அவர் கையை உயர்த்துகிறார், கெட்டிமேளம். தவிலும் நாதஸ்வரமும் சேர்ந்து முழங்க, பதிவில் அந்த இடம் கரகரவென்று உடைந்துபோகிறது. மைக்கின் கொள்ளளவை ஒலி தாண்டிவிட்டது. அடுத்த முறை தவில் உடையாதபடி பதிவு அளவைக் குறைத்து வைத்தால், மந்திரம் இரைச்சலுக்குள் அமுங்கிவிடும்.

கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலிக்கும், உடையாமல் பதியக்கூடிய மிகப் பெரிய ஒலிக்கும் உள்ள இந்த இடைவெளிதான் டைனமிக் ரேஞ்ச். ஒலிக்கும் ஒளிக்கும் பெயர் ஒன்றுதான்.

கெட்டிக்கார ஒலிப்பதிவாளர் மெல்லிய இடங்களைக் கொஞ்சம் ஏற்றி, பெரிய இடங்களைக் கொஞ்சம் இறக்கி, எல்லாம் ஒரே ஸ்பீக்கரில் கேட்கும்படி செய்துவிடுவார். அதையே அளவில்லாமல் செய்தால் மந்திரமும் தவிலும் ஒரே உயரத்தில் நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்பவருக்குத் தாலி எப்போது கட்டினார்கள் என்றே தெரியாது. எல்லாம் தெளிவாகக் கேட்கும், ஆனால் கல்யாணம் நடந்தது மாதிரி இருக்காது. எச்டிஆர் படத்தில் நடப்பதும் இதுதான்.

வெயிலும் மண்டபமும்

இனி ஒளிக்கு வருவோம். படமெடுப்பவர்கள் வெளிச்சத்தை அளக்கும் அலகு ஸ்டாப். ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இரண்டு மடங்கு. இரண்டு ஸ்டாப் என்றால் நான்கு மடங்கு, பத்து ஸ்டாப் என்றால் 1024 மடங்கு. கணக்கு இவ்வளவுதான்.

கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விஜயநகர காலத்து வேலைப்பாடு. பாயும் குதிரைகளும் யாளிகளும் தூண்களிலிருந்து முன்னால் தாவி நிற்கும். நண்பகலில் பிராகாரத்துக் கல்தரை கண்கூசும். வெளி வரிசைத் தூண்களில் வெயில் நேராக விழும். உள்ளே ஒவ்வொரு வரிசை தள்ளிப் போகப் போக வெளிச்சம் குறைந்துகொண்டே வரும். குதிரையின் வயிற்றுக்கடியில் குடைந்த இடம் ஏறக்குறைய கறுப்பு.

வெயிலில் இருக்கும் பொருளுக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 100, அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 16 என்று வைத்தால் ஷட்டர் வேகம், அதாவது ஒளி உள்ளே வரும் நேரம், 1/100 வினாடி. மண்டபத்துக்குள் ஆறு ஸ்டாப் இருட்டான மூலை ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். அதே அமைப்பில் அந்த மூலை சரியாகப் பதிய 64 மடங்கு நேரம் வேண்டும், அதாவது அரை வினாடிக்கும் மேல். அவ்வளவு நேரம் ஷட்டரைத் திறந்து வைத்தால் வெளித்தரை வெள்ளைக் காகிதமாகிவிடும். 'பர்ன் ஆயிடுச்சு' என்று ஸ்டூடியோக்காரர்கள் சொல்வது இதைத்தான். பர்ன் ஆன இடத்தில் தகவலே கிடையாது, பிறகு எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது.

நம் கண்ணுக்கு மட்டும் எப்படி இரண்டும் தெரிகிறது? ஒரே பார்வையில் தெரிவதில்லை. தரையைப் பார்க்கும்போது கண் ஒரு மாதிரி தன்னைச் சரிசெய்துகொள்கிறது, உள்ளே பார்க்கும்போது வேறு மாதிரி. மூளை இரண்டையும் சேர்த்து ஒரு காட்சியாக நினைவில் வைத்துக்கொள்கிறது. ஆக, இருட்டிலும் வெயிலிலும் விவரம் தெரியும் படம் என்பது ஏமாற்று வேலை கிடையாது. கண் செய்கிற காரியத்தைக் கேமரா தன் வழியில் செய்து பார்க்கிறது.

இன்னொரு நெருக்கடியும் உண்டு. இன்றைய நல்ல கேமரா ஒன்று குறைந்த ஐஎஸ்ஓவில் சுமார் 14 ஸ்டாப் வரை பதிந்துவிடும். அதைக் காட்டும் இடம்தான் சின்னது. பளபளப்பான போட்டோ பேப்பரில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையே ஏழு ஸ்டாப் கிடைத்தாலே நல்ல பிரின்ட். பதினான்கை ஏழுக்குள் அடக்கியாக வேண்டும். எச்டிஆர் பிடிக்காது என்பவருடைய படத்திலும் இந்த அடக்கல் நடந்தேதான் இருக்கிறது, கேமரா அவரைக் கேட்காமல் செய்துவிடுகிறது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: காட்சியின் வெளிச்ச வீச்சு பெரியது, கேமராவுடையது அதைவிடச் சின்னது, காகிதத்துடையது இன்னும் சின்னது. எப்படியும் எதையாவது அமுக்கித்தான் ஆக வேண்டும்.

பல படம், ஒரு படம்

எச்டிஆர் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு தனி வேலைகள் இருக்கின்றன. குழப்பத்தில் பாதி இவற்றைப் பிரிக்காததால் வருவது.

முதல் வேலை, வெளிச்சத்தைச் சேகரிப்பது. ஸ்டாண்டில் கேமராவை வைத்து ஒரே காட்சியை இரண்டு ஸ்டாப் குறைத்து ஒன்று, சரியாக ஒன்று, இரண்டு ஸ்டாப் கூட்டி ஒன்று என்று எடுப்பார்கள். இதற்குப் பெயர் பிராக்கெட்டிங். பிறகு குறைத்து எடுத்ததிலிருந்து வானத்தையும், கூட்டி எடுத்ததிலிருந்து நிழலையும் எடுத்து ஒன்றாக்குவார்கள், இதுவும் சேகரிப்பில்தான் சேரும். யோசனை ஒன்றும் புதிதில்லை. பிரான்ஸில் குஸ்தாவ் லெ கிரே என்ற புகைப்படக்காரர் 1850-களிலேயே வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து ஒரே பிரின்ட்டில் சேர்த்திருக்கிறார். கணினிக் காலத்தில், சாதாரணக் கேமராவில் எடுத்த பல எக்ஸ்போஷர்களிலிருந்து (வெவ்வேறு அளவு ஒளி விட்டு எடுத்த படங்களிலிருந்து) காட்சியின் உண்மையான வெளிச்ச அளவைக் கணக்கிடும் வழியை 1997-இல் பால் டெபெவெக், ஜிதேந்திர மாலிக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்டார்கள்.

போன்களுக்கு இது 2010 வாக்கில் வந்தது, ஐபோனில் ஒரு பொத்தானாக. 2013-இல் நெக்ஸஸ் 5 போனில் கூகுள் கொண்டுவந்த எச்டிஆர் பிளஸ் கொஞ்சம் வேறு வழியில் போனது. வேண்டுமென்றே இருட்டாகப் பல படங்களைச் சரசரவென்று எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, சராசரி காண்பது அதன் வழி. இருட்டில் புள்ளி புள்ளியாக வரும் இரைச்சலை நாய்ஸ் என்பார்கள். ஒன்பது படங்களின் சராசரியில் அந்த நாய்ஸ் மூன்றில் ஒரு பங்காகிவிடும். அப்புறம் நிழலைத் தைரியமாகத் தூக்கலாம். இன்றைக்குப் பெரும்பாலான போன்கள் இதுபோல ஏதாவது ஒன்றைக் கேட்காமலே செய்கின்றன.

இந்தச் சேகரிப்பு வேலையில் 'அளவு மீறுவது' என்று ஒன்று கிடையாது. மூன்று படம் எடுத்தாலும் ஒன்பது எடுத்தாலும் தகவல் கூடுகிறது, அவ்வளவுதான். வரக்கூடிய சிக்கல் ஒன்றே ஒன்று. படங்களுக்கு நடுவே ஏதாவது நகர்ந்தால் அது ஆவி மாதிரி இரட்டையாக விழும். கோயில் கூட்டம், காற்றில் ஆடும் வேப்பங்கிளை, கோபுரத்திலிருந்து கிளம்பும் புறா எல்லாம் இந்த வகை.

குற்றவாளி டோன் மேப்பிங்

இரண்டாவது வேலை, சேகரித்த பெரிய வீச்சை வீச்சு குறைந்த திரைக்குள்ளோ காகிதத்துக்குள்ளோ அடக்குவது. அதற்குப் பெயர் டோன் மேப்பிங். படம் கெட்டுப்போவது இங்கேதான். ஆனால் பழி மட்டும் மொத்த எச்டிஆருக்கும் போகிறது.

இதில் இரண்டு வகை. முதலாவது, படம் முழுக்க ஒரே விதி. இவ்வளவு வெளிச்சம் உள்ள புள்ளி எங்கே இருந்தாலும் இவ்வளவாக மாறும், தீர்ந்தது. இதில் வரிசை குலையாது. ஆனால் படம் சப்பென்று ஆகிவிடும்.

அதனால் இரண்டாவது வகை வந்தது. ஒவ்வொரு புள்ளியையும் அதன் அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டு, அந்தந்த இடத்துக்கு ஏற்றபடி ஏற்றி இறக்குவது. மண்டபத்து மூலை இருட்டா, அங்கே தூக்கு; வானம் கண்கூசுகிறதா, அங்கே இறக்கு. மென்பொருள்களில் ஷேடோ, ஹைலைட், கிளாரிட்டி என்று பார்க்கிற ஸ்லைடர்கள் பெரும்பாலும் இந்த வழியில் வேலை செய்கின்றன. அற்புதமான கருவி, அதேசமயம் ஆபத்தானது. எப்படி என்று கோபுரத்தின் விளிம்பில் வைத்துப் பார்த்தால் புரிந்துவிடும்.

கோபுரத்தை ஒட்டி வானத்தில் ஒரு புள்ளி இருக்கிறது. மென்பொருள் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, 'இந்தப் பகுதி பொதுவாக எவ்வளவு வெளிச்சம்' என்று சராசரி பார்க்கிறது. வட்டத்தின் பாதி வானத்தில், மீதிப் பாதி இருண்ட கல்லில். சராசரி குறைவாக வருகிறது. 'ஓ, இது இருட்டான பகுதி' என்று நினைத்து அந்த வானப் புள்ளியை வெளுக்க வைக்கிறது. கோபுரத்திலிருந்து தள்ளியிருக்கும் புள்ளிக்கு இந்தக் குழப்பம் இல்லை, அங்கே வானம் ஒழுங்காக இருண்டுவிடும். விளைவு, கோபுரத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு விளிம்பு. இதற்குப் பெயர் ஹேலோ. கல் பக்கத்தில் இதற்கு நேர்மாறு, விளிம்பை ஒட்டிய கல் தேவையில்லாமல் கறுக்கும். ஹேலோவின் அகலம் மென்பொருள் போட்ட வட்டத்தின் அளவைப் பொறுத்தது. விளிம்புகளைக் கவனித்து வட்டத்தை அங்கேயே நிறுத்திக்கொள்ளும் புதிய மென்பொருள்களில் இது குறைவு, ஆனாலும் ஸ்லைடரைக் கடைசி வரை தள்ளினால் எட்டிப் பார்க்கத்தான் செய்யும். சாமி படத்தில் சாமிக்குப் பின்னால் ஒளிவட்டம் இருக்கலாம், கோபுரத்துக்கு இருக்க என்ன வேண்டுதல்?

சுருக்கமாக: வெளிச்சத்தைச் சேகரிப்பது பாவமில்லை. அக்கம்பக்கத்தைப் பார்த்து ஏற்றி இறக்கும் டோன் மேப்பிங் எல்லை மீறும்போதுதான் படம் செயற்கையாகிறது.

அகழிச் சோதனை

இப்போது வரிசைக்கு வருவோம். கோட்டை அகழியின் கரையில் நின்று எடுத்த படம். மேலே வானம், நடுவே மதில், கீழே தண்ணீரில் இரண்டின் பிரதிபலிப்பும். தண்ணீர் தன்மேல் விழும் ஒளியில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். நேர் மேலிருந்து பார்த்தால் அது நூற்றுக்கு இரண்டு பங்கு போல. பார்வை சாயச் சாயக் கூடும், ஆனால் முழுசாக வராது. ஆகவே தண்ணீரில் தெரியும் வானம், மேலே இருக்கும் அதே வானத்தைவிட ஒரு படி மங்கலாகத்தான் இருக்க முடியும். வெளியான பல கோட்டைப் படங்களில் நேர்மாறாக இருக்கும். வானத்தை இறக்கி, தண்ணீரைத் தூக்கி, கடைசியில் கடன் வாங்கியவன் கடன் கொடுத்தவனைவிடப் பணக்காரனாகத் தெரிவான். பார்ப்பவருக்கு இயற்பியல் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. 'என்னவோ சரியில்லை' என்று கண்ணே சொல்லிவிடும்.

இதே கணக்கு மேகத்துக்கும் பொருந்தும். வெயில் பட்ட வெள்ளை மேகம், நிழலில் இருக்கும் கருங்கல் மதிலைவிட மிகப் பிரகாசம். படத்தில் மேகம் சாம்பல் நிறமாகவும் மதில் வெளேரென்றும் இருந்தால் வரிசை புரண்டுவிட்டது. மழை மேகம் என்று சமாளிக்க நினைத்தால், தரையில் விழுந்திருக்கும் கூர்மையான நிழல் காட்டிக்கொடுத்துவிடும்.

மண்டபத்தில் இந்தக் குலைவு இன்னும் நுணுக்கமானது. நிழலை ஓரளவு தூக்கினால் உள்வரிசைத் தூண்கள் எட்டிப் பார்க்கும், நல்லதுதான். இன்னும் தூக்கினால் முதல் வரிசையும் மூன்றாவது வரிசையும் ஒரே வெளிச்சத்தில் வந்து நிற்கும். அப்போது மண்டபத்தின் ஆழமே போய்விடும், தூண்கள் ஒரு திரையில் ஒட்டிவைத்ததுபோலத் தட்டையாகிவிடும். சிற்பத்துக்கும் அப்படியே. குதிரையின் முன்னங்காலுக்கும் மார்புக்கும் நடுவே சிற்பி எவ்வளவு ஆழம் குடைந்திருக்கிறார் என்பது அங்கே விழும் கறுப்பால்தான் தெரிகிறது. அந்தக் கறுப்பைத் துடைத்துவிட்டால் முழுச் சிற்பம் பாதிப் புடைப்பாகிவிடும். 'நிழல்ல ஒண்ணுமே தெரியலையே' என்று எல்லா நிழலையும் விரட்டுகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: அங்கே என்ன தெரிய வேண்டும்?

வரிசை தவிர இன்னொரு அடையாளம், எல்லா இடத்திலும் ஒரே சொரசொரப்பு. கிளாரிட்டியை ஏற்றினால் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளின் வித்தியாசம் கூடும். கருங்கல்லுக்கு அது கொஞ்சம் அழகு. ஆனால் அதே அளவு மேகத்துக்கும், பூக்காரம்மாவின் கன்னத்துக்கும், மல்லிகைச் சரத்துக்கும் போனால் எல்லாம் கருங்கல்லாகிவிடும். வயதானவர்களின் முகத்தில் இந்த ஸ்லைடரை ஏற்றி 'கேரக்டர்' என்று பெயர் வைப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

போனில் கிடைக்கும் சில ஃபில்டர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. படங்களைத் திருத்தும் ஸ்னாப்சீட் செயலியில் 'எச்டிஆர் ஸ்கேப்' என்று ஒன்று உண்டு. அது ஏற்கெனவே எடுத்த ஒரே படத்தில் இந்தச் சொரசொரப்பையும் ஏற்ற இறக்கத்தையும் போடுகிறது. வீச்சு ஒரு ஸ்டாப்கூட அதிகமாகாது. எச்டிஆரின் தோற்றம் மட்டும் கிடைக்கும். எச்டிஆருக்கு வந்த கெட்ட பெயரில் பெரும்பங்கு இந்தத் தோற்றத்தால் வந்தது.

எப்படி நிறுத்துவது

ஸ்லைடரில் இத்தனைக்கு மேல் கூடாது என்று எண் சொல்ல முடியாது. மேகமூட்டமான நாளில் 20 கூட அதிகம், உச்சி வெயிலில் 70 கூட உறுத்தாது. வேலை செய்துகொண்டே இருக்கும்போது கண் பழகிவிடுவதுதான் பெரிய தொந்தரவு. அரை மணி நேரத்தில் எவ்வளவு கொடுமையான படமும் இயல்பாகத் தெரிய ஆரம்பித்துவிடும். எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள், ஹேலோ அப்போதுதான் பளிச்சென்று தெரியும். எனக்கு ரொம்பக் கைகொடுப்பது படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்ப்பது. நிறத்தின் மயக்கம் விலகியதும் வானமும் தரையும் ஒரே சாம்பலில் நிற்கிறதா என்று உடனே தெரிந்துவிடும். சூரியன் எந்தப் பக்கம் இருந்தது என்று படத்தைப் பார்த்தே சொல்ல முடியவில்லையா, இரண்டு படி இறங்குங்கள்.

சில நேரம் எச்டிஆரே வேண்டாம், நேரத்தை மாற்றினால் போதும். கோட்டையின் கிழக்கு மதிலைக் காலை ஏழு மணிக்கு எடுத்தால் வெயில் கல்லின்மேல் நேராக விழும், வானமும் மிதமாக இருக்கும், ஒரே எக்ஸ்போஷரில் எல்லாம் அடங்கிவிடும். கத்திரி வெயிலில் பன்னிரண்டு மணிக்குப் போய் நின்றுகொண்டு மென்பொருளைக் குறை சொல்லக்கூடாது.

எதற்காகப் படம் என்பதையும் பார்க்க வேண்டும். வள்ளிமலைச் சமணச் சிற்பங்களையோ ஒரு கல்வெட்டையோ ஆவணமாக எடுக்கிறீர்கள் என்றால், ஒவ்வொரு கீறலும் தெரிவது முக்கியம். அழகு அங்கே இரண்டாம் பட்சம். லாட்ஜ் அறையையும் ஜன்னலுக்கு வெளியே தெரியும் மலையையும் ஒரே படத்தில் காட்ட வேண்டிய விளம்பரத்துக்கும் நியாயம் உண்டு. ஓவியம் மாதிரி இருக்கட்டும் என்று வேண்டுமென்றே செய்பவரிடமும் எனக்குச் சண்டையில்லை. 'பார்த்ததை அப்படியே எடுத்தேன்' என்று சொல்லிக்கொண்டு செய்யும்போதுதான் பேச்சு வருகிறது.

டிவி பெட்டியில் எழுதியிருக்கும் எச்டிஆர்

கடைசியாக, அடிக்கடி கேட்கப்படும் ஒரு சந்தேகம். புது டிவியிலும் போன் திரையிலும் எச்டிஆர் என்று போட்டிருக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றா? இல்லை. நாம் இதுவரை பார்த்தது பெரிய வீச்சை வீச்சு குறைந்த திரைக்குள் அமுக்குவது. எச்டிஆர் திரை செய்வது திரையின் வெளிச்ச வீச்சையே பெரிதாக்குவது. வெள்ளையைவிடப் பிரகாசமான வெள்ளையை அதனால் காட்ட முடியும், அதனால் அமுக்க வேண்டிய தேவை குறைகிறது. 2023-இல் வந்த ஆண்ட்ராய்டு 14 முதல், ஒரே ஜேபெக் ஃபைலில் சாதாரணப் படத்தோடு எங்கெங்கே எவ்வளவு பிரகாசத்தைக் கூட்டலாம் என்ற குறிப்பையும் சேர்த்து வைக்கும் அல்ட்ரா எச்டிஆர் வழி வந்திருக்கிறது. அப்படிப்பட்ட திரையில் விளக்கு விளக்காக மின்னும்.

ஆனால் அதே படம் பிரின்ட்டுக்குப் போகும்போது அந்தக் கூடுதல் பிரகாசம் கூடவே போகாது. காகிதத்துக்கு அதே ஏழு ஸ்டாப்தான். பலரும் போனில் முழு வெளிச்சம் வைத்துத் திருத்திவிட்டு, பிரின்ட் இருட்டாக வந்ததும் நிழலை மேலும் தூக்கி மறுபடி கொடுக்கிறார்கள், ஆல்பம் முழுக்க சாம்பல் பூத்துப்போகிறது. பிரின்ட் போடப்போகும் படம் என்றால், திரையின் வெளிச்சத்தைப் பாதிக்குக் கீழே இறக்கி, பக்கத்தில் ஒரு நல்ல பிரின்ட்டை வைத்துக்கொண்டு, இரண்டின் வெள்ளையும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும்படி சரிசெய்த பிறகு ஸ்லைடரைத் தொடுங்கள்.